லோகோ வருது, அப்புறம் இருட்டு

பாயிஜா: கையை எடுங்க ஆண்ட்டி. இப்படி திரும்பத் திரும்ப அமுத்துனா லேப்டாப்பு எப்படி ஆன் ஆகும்?

லிடியா: நான் எங்க அமுத்தறேன்? லேசா தொட்டேன்.

சைமன்ராஜ்: காலையிலேர்ந்து லேசா தொட்டுக்கினே இருக்கா. பட்டன் உள்ளயே போயிடும் போல.

லிடியா: நீங்க மட்டும்? தூக்கித் தட்டுனீங்களே, பழைய ரேடியோவைத் தட்டற மாதிரி...

சைமன்ராஜ்: தட்டல. தூசி போகட்டும்னு...

பாயிஜா: ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. ம்... லைட் எரியுது. பேன் ஓடுது. இதோ, லோகோ வந்துடுச்சு பாருங்க.

லிடியா: வரும் வரும். வந்துட்டுப் போயிடும்.

பாயிஜா: எங்க போ... அட!

சைமன்ராஜ்: போச்சா?

பாயிஜா: போச்சு அங்கிள். ஒரே கறுப்பு.

சைமன்ராஜ்: அதைத்தான் நான் சொன்னேன். லோகோ வருது, அப்புறம் இருட்டு.

லிடியா: பாயிஜா, நீ பக்கத்து குவார்ட்டர்ஸ்ல இருக்கறது நல்லதாப் போச்சும்மா. வடலூர் சென்டர்ல கம்ப்யூட்டர் சொல்லித் தர்ற பொண்ணு... உன் கைபட்டா வந்துடும்.

பாயிஜா: நான் டைப்பிங்கும் எக்ஸெல்லும் சொல்லித் தர்றவ ஆண்ட்டி. ரிப்பேர் எல்லாம் எனக்கு வராது. ஏதோ தெரிஞ்ச வரைக்கும் பாக்கறேன். கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?

லிடியா: போன மாசம்...

சைமன்ராஜ்: நேத்து...

பாயிஜா: போன மாசமா, நேத்தா?

சைமன்ராஜ்: நேத்து... நேத்து இவ தொடைச்சி வெச்சா. அதைச் சொன்னேன்.

லிடியா: நானா? நேத்து நான் எங்க... ஆமா. தொடைச்சேன். மேலாக்க.

பாயிஜா: தொடைக்கறப்ப தண்ணி கிண்ணி ஊத்திட்டீங்களா?

லிடியா: ஐயோ இல்லம்மா. காஞ்ச துணி.

பாயிஜா: கடைசியா யாரு இதுல வேலை பார்த்தது?

சைமன்ராஜ்: நான் இதைத் தொடறதே இல்ல.

லிடியா: நானும் தொடறதே இல்ல.

பாயிஜா: அப்ப யாரும் தொடாத லேப்டாப்பு...

லிடியா: ஆமா.

பாயிஜா: ...தானா கெட்டுப் போச்சு.

சைமன்ராஜ்: கெடும்மா. சும்மா வெச்சாலே கெடும். மைன்ஸ்ல எத்தனை மோட்டார் அப்படிப் போயிருக்கு தெரியுமா?

பாயிஜா: ஆனா சார்ஜ் முழுசா இருக்கே அங்கிள். பச்சை லைட் எரியுது. கீபோர்டுல ஒரு பொட்டு தூசி இல்ல. இந்த ஊர் நிலக்கரித் தூளுக்கு எங்க வூட்டு டிவி மேல தெனம் கோலமே போடலாம்.

லிடியா: அதான் தொடைச்சேன்னு சொன்னேனே.

பாயிஜா: சரி... ஒரு தடவை முழுசா நிறுத்திட்டு ஆன் பண்ணுவோம். சார்ஜரைப் புடுங்கிடுங்க. இப்ப இந்தப் பட்டனை அமுத்திப் புடிச்சிக்கினே இருக்கணும்...

சைமன்ராஜ்: எவ்ளோ நேரம்?

பாயிஜா: நான் சொல்ற வரைக்கும். நீங்க புடிங்க அங்கிள். ஆண்ட்டி, இன்னிக்கே இது வந்தாகணும்னீங்களே. என்ன அவசரம்?

லிடியா: ஜெபக்கூட்டம்மா. சாயங்காலம்.

சைமன்ராஜ்: ஜெபக்கூட்டம் சர்ச்சுலதான? நீ அங்க போயிடுவ இல்ல?

லிடியா: இன்னிக்கு... இன்னிக்கு ஆன்லைன்ல.

சைமன்ராஜ்: ஞாயித்துக்கெழமை எவன் ஆன்லைன்ல வெக்கறான்?

லிடியா: வெக்கறாங்க. நீங்க என்னத்தக் கண்டீங்க? நீங்க சாயங்காலம் நடக்கப் போவீங்க இல்ல, போயிட்டு வாங்க.

சைமன்ராஜ்: நான் இன்னிக்குப் போகல.

லிடியா: ஏன்?

சைமன்ராஜ்: சேஃப்டி வீடியோ பாக்கணும். ஷிப்ட்ல எல்லாரும் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. இதுலதான் பெரிசா தெரியும். அதனால நீ சர்ச்சுக்கே போயிடு. நேர்ல போனாத்தான் மனசுக்கு நல்லது.

லிடியா: நடந்தாத்தான் உங்க சுகருக்கு நல்லது!

பாயிஜா: அங்கிள், விட்டுடாதீங்க!

சைமன்ராஜ்: ஐயையோ, விட்டுட்டேன்.

பாயிஜா: பரவால்ல, போதும். சார்ஜரைக் குடுங்க. இப்ப போடறேன்... லோகோ... வருது...

லிடியா: இயேசுவே...

பாயிஜா: ...போச்சு. எனக்கே ஒண்ணும் புரியல. நான் இதை வாங்குன கடையில கேக்கட்டுமா? எப்ப வாங்குனது? யாரோடது இது?

லிடியா: அஸ்வினோடது.

பாயிஜா: அஸ்வின் யாரு?

லிடியா: எங்க புள்ள.

பாயிஜா: உங்களுக்குப் பையன் இருக்கானா? நாங்க குடி வந்ததுலேர்ந்து ஒரு நாள்கூட பாத்ததில்லையே ஆண்ட்டி. நீங்களும் சொன்னதில்ல.

சைமன்ராஜ்: இருந்தான்.

லிடியா: என்ன பேச்சு பேசறீங்க! நல்லா இருக்கற புள்ளையை...

சைமன்ராஜ்: மைன்ஸ்ல பெர்மனென்ட் ஆர்டர் கையில. இந்த டவுன்ஷிப்புல அதுக்காக எத்தனை பேரு கான்ட்ராக்ட்லயே நரைச்சுப் போயிருக்கான். தலையில ஹெல்மெட்ட வெச்சி, நானே வண்டியில கூட்டிக்கினு போய் விட்டேன். ஒரு வருஷம் தாங்கல. எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான்.

பாயிஜா: வேலையை விட்டுட்டாரா? விட்டுட்டு?

சைமன்ராஜ்: அதை அந்தம்மாவைக் கேளு.

பாயிஜா: சரி... அது உங்க வூட்டு விஷயம். அங்கிள், உங்ககிட்ட நல்லா வெளிச்சம் அடிக்கற டார்ச் இருக்கா?

சைமன்ராஜ்: ஷிப்டுக்கு எடுத்துக்கினு போறது இருக்கு. எதுக்கு?

பாயிஜா: திரையில அடிச்சிப் பாக்கணும்.

சைமன்ராஜ்: இருட்டுல டார்ச் அடிச்சா லேப்டாப் தெரியுமா... என்னமோ போ. வண்டி பக்கத்துல மாட்டியிருப்பேன், எடுத்துக்கினு வர்றேன்.

லிடியா: போயிட்டாரா? பாயிஜா, இங்க வா. மெதுவா பேசு. எப்படியாவது நாலு மணிக்குள்ள இதை வர வெச்சிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்.

பாயிஜா: ஜெபக்கூட்டம்தானே ஆண்ட்டி, அதுக்கா இப்படி...

லிடியா: ஜெபக்கூட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. குறிஞ்சிப்பாடியில இன்னிக்கு கபடி பைனல்.

பாயிஜா: கபடியா? நீங்க கபடி பாப்பீங்களா?

லிடியா: எனக்குக் கபடியைப் பத்தி என்ன தெரியும்? எவன் தொட்டான், எவன் வுழுந்தான்னுகூட தெரியாது. அஸ்வின் பேசறான்மா அதுல. மைக் புடிச்சி. ஊர் ஊராப் போயி மேட்சை யூடியூப்ல லைவ்வாக் காட்டறாங்க இல்ல, அதுக்கு வர்ணனை சொல்றது அவன்தான். அதுக்குத்தான் வேலையை விட்டான்.

பாயிஜா: அட! அதை நேரா அவருக்கே போன் பண்ணிப் பேசலாமே.

லிடியா: அவன்கூட நீ பேசினா நான் இந்த வூட்ல சாப்பிட மாட்டேன்னு சொல்லிட்டாரு. சொன்ன மாதிரியே ரெண்டு நாள் பட்டினி கெடந்தாரு, மைன்ஸுக்கும் அப்படியே போனாரு. நான் பயந்துட்டேன். அதுக்கப்புறம் அவன் போன் வந்தா எடுக்கறதில்ல. ஒரு வருஷமா மேட்ச்ல பேசறதைக் கேட்டுக்கினு இருக்கேன். அவரு ஷிப்டுக்குப் போனப்புறம்.

பாயிஜா: அப்ப போன மாசம்னு சொன்னது...

லிடியா: நேத்து மதியம் வரைக்கும் பாத்தேன்! நல்லாத்தான் இருந்துச்சு. ஷிப்ட் முடிஞ்சி அவரு வண்டிச் சத்தம் கேட்டுச்சு, டப்புனு மூடி வெச்சேன். அதுலதான் ஏதோ ஆயிடுச்சு. என்னாலதான். அவருகிட்ட சொல்லிடாத.

பாயிஜா: மூடுனா கெடாதே ஆண்ட்டி... என் போனைத் தரட்டா? எங்க வூட்ல வந்து பாருங்க.

லிடியா: இன்னிக்கு அவரு வூட்லயே இருக்காரும்மா. நான் அரை மணி காணலன்னா வாசல்ல நின்னு கூப்பிடுவாரு. இவரு எப்பவும் இல்லாத சேஃப்டி வீடியோவை இன்னிக்குத்தான்... ஸ்ஸ்... வர்றாரு.

சைமன்ராஜ்: இந்தா டார்ச். என்ன ரகசியம்?

லிடியா: வெயிலைப் பத்திப் பேசிக்கினு இருந்தோம்.

பாயிஜா: ஆமா அங்கிள், ரொம்ப வெயில். ஜன்னலைச் சாத்துங்க. நான் திரையில சாய்வா அடிக்கறேன்... இருங்க... அட, அட!

லிடியா: என்னம்மா?

பாயிஜா: உள்ள எல்லாம் இருக்கு! தெரியுதா? மங்கலா... இங்க பாருங்க, கீழ சின்னச் சின்னப் படம் எல்லாம் வரிசையா.

சைமன்ராஜ்: எங்க? எனக்கு என் மூஞ்சிதான் தெரியுது.

பாயிஜா: குனிஞ்சி பாருங்க. லேப்டாப் நல்லாத்தான் வேலை செய்யுது. வெளிச்சம்தான் இல்ல. அப்ப என்னவா இருக்கும்... உள்ள ஒயர் போச்சா... இருங்க, யூடியூப் தானா திறக்குதே. கடைசியா பாத்த சேனலையே காட்டுது போல.

லிடியா: அதை மூடிடு.

பாயிஜா: யாரோ கையில மைக்கோட நிக்கற மாதிரி...

லிடியா: பாயிஜா, மூடிடும்மா!

பாயிஜா: இருட்டுல எங்க மூடறதுன்னு தெரியலையே ஆண்ட்டி. இதுவா...

லேப்டாப்: ...வணக்கம் வணக்கம் வணக்கம்! குறிஞ்சிப்பாடி மைதானத்துலேர்ந்து உங்க அஸ்வின்! உக்கார எடமில்ல, மரத்து மேலயும் ஆளு...

லிடியா: விளம்பரம். ஏதோ விளம்பரம் வருது. சத்தத்தைக் கொறை.

லேப்டாப்: ...இன்னும் கொஞ்ச நேரத்துல இறுதிப் போட்டி! அதுக்கு முன்னாடி அரையிறுதியிலேர்ந்து சில காட்சிகள்...

லிடியா: எந்தப் பட்டன்மா? சொல்லு, நான் அமுத்தறேன்... இதுவா?

சைமன்ராஜ்: தொடாத.

லிடியா: இல்லங்க, தானா வந்துடுச்சு. பாயிஜா தெரியாம...

சைமன்ராஜ்: தொண்டை கட்டியிருக்கு அவனுக்கு.

லிடியா: என்னது?

சைமன்ராஜ்: ஒண்ணுமில்ல.

பாயிஜா: ஆண்ட்டி... ஒரு நிமிஷம். எனக்கு இப்பதான் தோணுது. மேல வரிசையில சூரியன் படம் போட்ட பட்டன் ரெண்டு இருக்கு பாருங்க. வெளிச்சத்தைக் கூட்டறது, கொறைக்கறது. இதை நான் மொதல்ல பாத்திருக்கணும்... இதோ.

லிடியா: ஐயோ! வந்துடுச்சு!

பாயிஜா: கெடவே இல்ல ஆண்ட்டி. வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் கொறைச்சி வெச்சிருக்காங்க. அவ்ளோதான்.

லிடியா: எளைச்சிட்டான்.

பாயிஜா: இவருதானா? உங்களை மாதிரியே இருக்காரு.

லிடியா: கழுத்தெலும்பு தெரியுது பாரு. வேளைக்குச் சாப்பிடறானோ இல்லையோ... என்னங்க, நீங்க அந்த ரூமுக்குப் போறதுன்னா போங்க. சாப்பிடாம கெடக்கறதுன்னா கெடங்க. இதுக்கு மேல என்னால ஒளிக்க முடியாது. ஆமா, நான் பாக்கறேன். தெனம் பாக்கறேன். நீங்க ஷிப்டுக்குப் போனதும் மொத வேலை இதான். அவன் குரல் கேக்காத நாள்ல எனக்குச் சோறு எறங்கறதில்ல. திட்டணும்னா திட்டிக்குங்க. பாயிஜா முன்னாடியே திட்டுங்க.

பாயிஜா: நான் கெளம்பட்டுமா ஆண்ட்டி? அப்புறமா...

லிடியா: இரு. நீ எதுக்குப் போற?

பாயிஜா: இல்ல... சரி, இதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். இனிமே யாராவது வந்தா மூடி வெச்சாப் போதும். வெளிச்சத்தைக் கொறைக்காதீங்க, திரும்பப் பயந்துடுவீங்க.

லிடியா: நான் எங்க கொறைச்சேன்? மூடித்தான் வெச்சேன்னு சொன்னேனே.

பாயிஜா: ஆனா அதுவா கொறையாது ஆண்ட்டி. யாரோ கடைசி வரைக்கும் அமுத்தியிருக்காங்க.

லிடியா: அந்த சூரியன் பட்டன் எங்க இருக்குன்னே எனக்கு இப்ப நீ சொல்லித்தான் தெரியும். நேத்து மதியம் மூடுனேன். சாயங்காலம் சர்ச்சுக்குப் போனேன். வந்தேன், கேட்டைத் தொறந்தேன், சமைச்சேன், படுத்தேன். காலையில பாத்தா இருட்டு.

பாயிஜா: அப்ப சாயங்காலம் வூட்ல யாரு...

லிடியா: ...என்னங்க?

லேப்டாப்: ...களத்துல இப்ப கொளஞ்சிநாதன்! ரைடுக்குப் போறார் கொளஞ்சிநாதன்! எதிர்ல அஞ்சு பேரு, தனி ஆளு...

லிடியா: என்னங்க, உங்களைத்தான். எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கினு நிக்கறீங்க? நேத்து சாயங்காலம் நான் கேட்டைத் தொறந்த சத்தத்துல நீங்க எதையாவது அமுத்தி...

சைமன்ராஜ்: அவன் கொளஞ்சிநாதன் இல்லடி, கொளஞ்சிநாதன் கார்னர்ல நிக்கறான், ரைடு போறவன் அவன் தம்பி, வடலூர் மேட்ச்லயும் இதே தப்பு, குள்ளஞ்சாவடி மேட்ச்லயும் இதே தப்பு, ஒரு வருஷமா நானும் திருத்திக்குவான் திருத்திக்குவான்னு பாத்துக்கினு இருக்கேன்... போனைப் போடு அவனுக்கு, நானே சொல்றேன்.