சத்தம் வர்ற பொட்டி

இல்ல கண்ணு, அந்தக் கண்ணாடி வெச்ச பொட்டி வேண்டாம். உள்ளார செவப்பு, பச்சைன்னு லைட்டு ஓடுது. வேலை செய்யறதுக்குக் கம்ப்யூட்டரு கேட்டா நீ சீரியல் செட்டு காட்டற. தகரமாப் பாத்து எடு, அது போதும்.

எம் பையன் விக்னேஷுக்குத்தான். ஏற்காட்டுல கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றானே, அவன். நானு ஏரிகிட்ட மொளகா பஜ்ஜி போடறேன். ராணியக்கா கடைன்னா எந்த டிரைவரும் சொல்லுவான்.

அவனுக்குப் போன் போடறயா? போடாத கண்ணு. ஒண்ணும் வாங்காத, பேசாம மலையேறி வந்துருன்னுதான் சொல்லுவான். எங்கிட்டயே கேளு.

நானு படிச்சவளா? நீ வேற. எங்கூட்டுல நடுவால ஒரு சீலதான் மறைப்பு. அந்தப்பக்கம் நான் மாவு கரைப்பேன், இந்தப்பக்கம் அவன் பொட்டியோட மல்லுக்கட்டுவான். எல்லாம் காதுல உழுந்ததுதான். ரேம் பத்தல, ரேம் பத்தலன்னு பொலம்புவான். ஏதோ ராமுன்னு ஒரு ஆளு, கூலி பத்தலங்கறானாட்டம்னு, நானு பஜ்ஜி ரெண்டு சேத்து வெச்சு, ராமுக்கும் குடுறான்னேன். அன்னைக்கு எப்படிச் சிரிச்சான் தெரியுமா? அப்பறம் அவனே சொன்னான், அது பத்தலீன்னா படம் சரியாத் தாலி கட்டற எடத்துல வந்து நின்னுக்குமாம்.

அதனால ரேம் அறுபத்திநாலு போட்ரு. நல்ல பிராசசரு. வேகமா ஓடற எஸ்எஸ்டி ஒண்ணு, எடுத்த படத்தையெல்லாம் போட்டு வெக்கப் பெரிய ஹார்டு டிஸ்க்கு ஒண்ணு. கிராபிக்ஸ் கார்டுல மட்டும் கையக் கொறைக்காத. கலரு வேலையெல்லாம் அதுதான் இழுக்குமாம். பொண்ணு பொடவ அரக்குன்னா அரக்காவே தெரியோணும்மா, செவப்பாத் தெரிஞ்சா நான் எடிட்டரே இல்லம்பான். நொம்ப ரோசக்காரன்.

இப்ப எப்படி இருக்கறானா? உனக்கும் தெரிஞ்சிருச்சா? ஆமா, குப்பனூர் ரோட்டு வளைவுல வண்டியோட உழுந்தான். கைகாலு எலும்பெல்லாம் கூடிருச்சு. ஆசுபத்திரியிலிருந்து வந்தப்பறமும் காத்தால எந்திரிச்சா அந்தப் பழைய பொட்டிகிட்டத்தான் போயி உக்காருவான். கோடை மழைக்கு இடி உழுந்துச்சே, அதுல அதும் கருகிப்போச்சு. அன்னைக்குப் படுத்தவன்தான், செவுத்துப் பக்கம் திரும்பிட்டான். சோறு வெச்சது வெச்சபடி காஞ்சு கெடக்குது. ஒருக்கா எந்திரி சாமின்னு கெஞ்சறேன். பாயவிட்டு எந்திரிச்சு உக்காந்தாப் போதும், அதுக்குத்தான் இத்தனையும்.

சாமின்னு அவன மட்டுந்தான் கூப்புடறேன். மின்னயெல்லாம் கண்ணுதான், உன்னயக் கூப்புடறாப்பல. இப்ப அவங்கிட்ட அது வாயில வர மாட்டேங்குது.

என்னது, சத்தமே வராத ஃபேனா? ஐயோ, அது ஆவாது. கழட்டு, கழட்டு. நல்லா எரையறதாப் போடு. படம் ரெடியாகறப்ப மலையேர்ற பஸ்ஸாட்டம் உறுமோணும். சிரிக்காத கண்ணு. எல்லாரும் சத்தம் வேண்டாம்னுதான் கேப்பாங்க, எனக்கும் தெரியுது. நீ போடு.

அட்டப்பொட்டிக்குள்ள பஞ்சு வெச்சுக் கட்டிக் குடு. அடிவாரந் தாண்டுனா ஒரே வளைவுதான், மடியில வெச்சுட்டுத்தான் போவேன்.

மானிட்டரா? எத்தன இஞ்சுன்னா கேக்கற? அது வேண்டாங் கண்ணு.

பழசு இருக்குதான்னா அதும் இல்ல, இடியில போயிருச்சு. வண்டியோட உழுந்ததுல தலையில அடிபட்டு அவனுக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சுபோச்சு. நரம்பே செத்துப்போச்சு, இனி வராதுன்னுட்டாரு டாக்டரு. பழசு இருந்தவரைக்கும் பட்டன அமுத்திட்டு, பொட்டி மேல கைய வெச்சுட்டு உக்காந்திருப்பான். உள்ள எரையும். ஓடுதும்மாம்பான். என்னத்தடா ஓடுதுன்னு நானும் கேக்க மாட்டேன்.

கார்டு எதுக்குன்னா என்னத்தச் சொல்ல? அவன் ஆசப்பட்டது. நீ எடுத்துராத.

இது ஊட்டுக்குப் போனா எந்திரிப்பானா? எனக்கென்னமோ தோணல கண்ணு.

எல்லாம் மாட்டி முடிச்சிட்டயா? ஒருக்கா ஓட உடு, கேட்டுப் பாக்கறேன்.