எலிபோ தீவின் ஈரப்பலா

போன்பே தீவில் மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஈரப்பலாவின் அரிய ரகங்களைக் காக்கும் எங்கள் தோட்டத்தில் மரத்துக்கொரு பெயர்ப்பலகை; எல்லாம் துருப்பிடித்துவிடும். வருடா வருடம் நான்தான் மறுபடி எழுதுவேன். என் கையெழுத்து அழகு என்பார்கள்.

விசாரிக்க வந்த நீங்கள் இலைகளைச் சோதித்துவிட்டு, நாற்பது பலகைகளில் முப்பத்தொன்றின் கீழ் நிற்பது ஒரே ரக ஈரப்பலா என்கிறீர்கள். சரிதான். அரிய ரகங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. பத்தொன்பது வருடமாகத் தோட்டத்துக்கு நான் ஒற்றை ஆள். பட்ட இடத்தில் சாதாரணக் கன்றை நட்டுப் பழைய பலகையை மாட்டிவிடுவேன். யாரும் கேட்டதில்லை.

எலிபோ மரத்தைக் கொண்டுவந்தவர் கிமிகோ அக்கா. அந்தப் பவளத் தீவின் தலைவர் மனைவி. ஆறு நாள் கப்பலில், ஈரச் சாக்கில் சுற்றிய வேர்த்துண்டை மடியிலேயே வைத்திருந்தார். கடல்நீர் ஏறிய மண்ணிலும் காய்க்கிற ரகம் அது ஒன்றுதான்; அந்தத் தீவுக்கு அதுதான் சோறு.

"உப்பத் தின்னு வளந்த புள்ள தம்பி. உங்க மழையில ஊறிச் செத்துடாமப் பாத்துக்க."

"எங்க ஊர்ல துடுப்ப நட்டாலும் துளிர்க்கும்க்கா."

இரண்டாம் வருடம் வேர் அழுகிவிட்டது. அப்போதே சொல்லியிருந்தால் வேறொன்று அனுப்பியிருப்பார்கள். அன்று மிகவும் களைப்பாக இருந்தது.

பிறகு அந்தப் புயல். எலிபோவில் படகுகள் எல்லாம் போய்விட்டன. அந்த ரகத்தில் மிஞ்சியவை இரண்டே மரங்கள். அக்கா ரேடியோவில் கூப்பிட்டார்.

"மீன் புடிக்கப் படகு வேணும், அதச் செய்ய வேற மரமில்ல. இந்த ரெண்டையும் வெட்டினா இங்க விதையத்துப் போயிடும். அங்க நம்ம மரம் நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்குக்கா. தைரியமா வெட்டுங்க. கன்னு அனுப்புறேன்."

வேரையும் தோண்டி எரிக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் புதுக் கன்றுக்கு நோய் வரும் என்றேன். பழைய வேர் துளிர்த்திருந்தால் இரண்டு இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

அறுபது கன்றுகள் அனுப்பினேன், எல்லாம் சாதாரண ரகம். ஐந்து மாதத்தில் உப்பில் கருகிவிட்டன. மீட்புக் கப்பல் போவதற்குள் பட்டினியில் செத்த நான்கு பேரைப் புதைத்திருந்தார்கள். மற்றவர்கள் இப்போது இங்கே, துறைமுகத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள்.

வந்து இறங்கியதும் அக்கா நேராகத் தோட்டத்துக்குத்தான் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு. மழ மண்ணு வாகுன்னு நெனச்சோம். நீ குடுத்தத காப்பாத்த எங்களுக்குத் துப்பில்லாமப் போச்சு தம்பி. மன்னிச்சிரு."

பாவம், வேண்டுமென்றா செய்தார்கள்? மன்னித்துவிட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.