கல்லைத் தின்றாலும் செரிக்கும்

எனக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா அப்படித்தான் சொல்வாள். உண்மைதான். இந்த முப்பத்தாறு வயதுவரை வயிறு என்று நான் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

தங்கைக்குப் பதினான்கு வயதில் வயிற்றுவலி வந்தது. பிறகு போகவில்லை. எங்கள் வீட்டில் சமையலும் பயணமும் அவள் வயிற்றைக் கேட்டுத்தான் நடந்தன. அம்மா வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அவள் வயிற்றில் வைப்பாள். பைமேல் தன் கையையும் வைத்துக்கொள்வாள். நான் எதிரே உட்கார்ந்து பாடம் படிப்பேன்.

எத்தனையோ முறை படமெடுத்தும் குழாய் விட்டுப் பார்த்தும் வயிற்றில் ஒன்றும் அகப்படவில்லை. "நடிக்கிறாளோ?" என்று ஒரு முறை சித்தி கேட்டாள். அம்மா அவளோடு ஆறு மாதம் பேசவில்லை.

நான் ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். பல வருடம் வயிறு வலித்தவர்களின் மூளையில் ரசாயனங்களின் அளவு மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. மெஷின் அதை மேடும் பள்ளமுமான கோடாக வரைந்துகொடுக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வலியில்லாதவர்களும் வேண்டும். அதில் நான் சேர்ந்தேன். வலிக்காரர்களில் தங்கை.

மெஷினுக்குள் போகுமுன் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதுல தெரிஞ்சிடும்ல?"

"முதல்ல மூளை இருக்கான்னு தெரியட்டும். அசையாம படு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தெரிந்தது. டாக்டரம்மா பார்க்குமுன் திரையில் நான்தான் பார்த்தேன்; அவர் எதிர்பார்த்த இரண்டு இடங்களிலும் அவள் கோடு மாறியிருந்தது. அம்மா இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.

படங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அவள் முப்பத்தேழு, நான் முப்பத்தெட்டு. எண் போடுவது என் வேலை. ஏழுக்குப் பக்கத்தில் எட்டு. கை தவறியது என்று என் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு படத்திலும் தவறியது.

டாக்டரம்மா அம்மாவையும் என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். "சின்னவங்க கோடு சாதாரணமாத்தான் இருக்கு. பெரியவங்களோடதுதான் மாறியிருக்கு. " என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வலியை நீங்க யார்கிட்டயும் சொன்னதே இல்லையா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு கோட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது என்றும் அவர் சொன்னார். அது அம்மாவின் காதில் ஏறவில்லை.

அன்று மாலை வெந்நீர்ப் பை என் வயிற்றுக்கு வந்தது. "இத்தனை வருஷம் வாயைத் திறக்கலையேடி," என்று அம்மா அழுதாள். அவள் கை நான் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது.

தங்கை மாத்திரையை நிறுத்தினாள். வலி என்று சொல்வதையும் நிறுத்தினாள். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அக்கா, நிஜமாவே எனக்கு ஒண்ணும் இல்லையோ?"

"மெஷின் பொய் சொல்லாதுடி."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் தன் அறைத் தரையில் முழங்காலை மடக்கிக் கிடந்தாள். முகம் சாம்பல் நிறம். வயிறு பலகைபோல் இருந்தது. தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவள் நான். இது அந்தப் பழைய வலி இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"என்னடி அங்க?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. ஆரம்பிச்சுட்டா."

"இன்னுமா?" என்றாள் அம்மா. எனக்காக வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

நான் கதவைச் சாத்தினேன். அவள் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். புதன்கிழமை மதியம்தான் அம்மா போய்த் தொட்டுப் பார்த்தாள். குடல் வெடித்திருந்தது என்றார்கள். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்த வாக்குமூலத் தாளில் காரணம் என்ற இடத்தில் வயிற்றெரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். வயிறு எரிவது வாஸ்தவம், சில நாட்களாக இரவும் பகலும் எரிகிறது. ஆனால் அது நோய். அந்த முப்பத்தெட்டாம் எண்ணை எடுத்துப் பாருங்கள், கோட்டிலேயே இருக்கிறது.