இடாப்பில் இல்லாத பேர்

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதத்து ஞாயிறு. ஜெர்மனியில் அன்று பாராளுமன்றத் தேர்தல். பிராங்பேர்ட் நகர ரயிலில் எனக்கு முன்னால் கம்பளித் தொப்பி போட்ட ஒருவரும் அவரைவிட இளைய ஒரு பெண்ணும் இருந்தார்கள். நானும் தமிழ் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

“வாக்குப் போடுற பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டுத்தான் வாறன், அண்ணை,” என்றாள் அவள்.

“உமக்கு இங்க வாக்கில்லையே. அகதி விண்ணப்பமே இன்னும் முடியேல்லை.”

“ஓம். வாக்காளர் இடாப்பில என்ர பேர் இல்லையெண்டு பாக்கத்தான் போனனான்.”

அவர் சிரித்தார். “இங்க வாக்குச்சீட்டில ஒராளுக்கு ரெண்டு புள்ளடி. ஒண்டு ஆளுக்கு, மற்றது கட்சிக்கு. கட்சிக்கு விழுந்ததை எண்ணித்தான் பாராளுமன்றக் கதிரை பிரிக்கிறவை. இடாப்பு அதுக்குத்தான், வேறொண்டுக்குமில்லை.”

“கொழும்பிலயும் வாக்குப் போடத்தானே பேர் பதிஞ்சனாங்கள். பிறகு எண்பத்திமூண்டில தமிழரின்ர வீடுகளை எரிக்க வந்தவங்கள் அந்த இடாப்பைப் பாத்துத்தான் எங்கட கதவைத் தட்டினவங்கள்.”

ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியது. கறுத்த கண்ணாடியில் எங்கள் மூவரின் முகங்களும் தெரிந்தன. அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

“பேர் இருந்ததோ?”

“இல்லை. அங்க இடாப்போட இருந்த அலுவலர் நல்ல மனுசன், விரலை வைச்சு வைச்சு வடிவாத் தேடினவர்.”

“பிறகென்ன, நிம்மதியா இரும்.”

“எங்கயோ விடுபட்டுப் போச்செண்டு நினைச்சிட்டார், அண்ணை. விசாரிச்சுச் சொல்லுறனெண்டு என்ர பேரையும் விலாசத்தையும் ஒரு தாளில எழுதி வைச்சிருக்கிறார்.”