மிராசுதாரை ஏணியில் இறக்கியவர்

எனக்குச் சரியாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கீழ்வேளூர் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து மிராசுதாரைத் தோள்ல போட்டு ஏணியில எறக்குனேண்ணே," என்றார் இளையவர்.

"குத்தகை வயலை விட்டு ஒன்னை வெளியேத்த கேஸ் போட்டாரே, அவரையா?"

"ஆமா. தஞ்சாவூர்ல புயல் வெள்ளத்துக்குன்னு புதுசா மீட்புக் குழு ஆரம்பிச்சிருக்காங்கல்ல, அதுல நானும் இருக்கேன். நேத்து ஒத்திகை. போட்டோ எடுப்பாங்கன்னு அவரே மாடியில மயங்குன ஆளாப் படுத்துக்கிட்டாரு."

"பத்திரமா எறக்குனியா?"

"பாதி ஏணியில நின்னு, 'கேஸை வாபஸ் வாங்குறீங்களாய்யா'ன்னு கேட்டேன்."

"அடப்பாவி. என்ன சொன்னாரு?"

"மயங்குனவரு பேசக்கூடாதுல்ல. தலையை மட்டும் வேகமா ஆட்டுனாரு. இன்னிக்குக் காலையிலேயே வாபஸ் வாங்கிட்டாரு."

மிராசுதார் எந்த ஊர் என்பது மறந்துவிட்டது. ஒத்திகையைப் பார்த்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.