ஊற்றுக்கு முன்னால் ஒரு வளைவு

மேடையில் இருக்கும் காப்புக்காட்டு அதிகாரி ஐயா அவர்களே, பாதை வேலைக் கூட்டாளிகளே, முன்வரிசையில் இருக்கும் மேஸ்திரியின் மனைவியான என் அண்ணியே, காட்டில் நடக்க வருகிறவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் பாதை மேஸ்திரி போய்விட்டார். இந்தக் காட்டில் நடைபாதை போட்டவர் யார்? மேஸ்திரி! மழைக்குப் பிறகு சரிந்த படிக்கல்லைத் தூக்கி நிறுத்தியவர் யார்? மேஸ்திரி! என்னோடு சண்டை போட்டே காலம் தள்ளியவர் யார்? அதுவும் அவரேதான்! இறந்துவிட்டார் என்பதற்காக அதை மறைக்க எனக்கு வராது.

ஊற்றுக்குப் போகும் பாதை உங்களுக்குத் தெரியும். நேராகத்தான் போகும். ஊற்று கண்ணில் படும் நேரம் பார்த்து இடதுபக்கம் திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போகும். நடுவில் பாறை இல்லை, பள்ளம் இல்லை, ஒரு மரம்கூட இல்லை. கயிறு கட்டி அவர் பாதையைக் குறித்த அன்றே கேட்டேன்.

“ஏன் மேஸ்திரி, இப்படிக் கோணலாப் போகுது?”

“நடந்து பாரும்மா.”

“நடந்துட்டுதான் கேக்குறேன்.”

“இன்னொரு தடவ நட.”

கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அவர் குறித்தபடியே அந்த வளைவை வெட்டிப் பாதையாக்கியதும் நான்தான். கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் கேட்டேன். சிரித்தார்! மூக்கில் குழாயோடு சிரித்தார்!

அண்ணியைக் கேட்டால், “எங்கிட்ட மட்டும் நேரா பதில் சொல்லிட்டாராக்கும்? சாப்பிட்டீங்களான்னு கேட்டா வானத்தப் பாப்பாரு” என்கிறார்.

சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

ஐயா, அந்த வளைவை நேராக்கச் சொல்லி உங்களிடம் வந்து நின்றவள் நான். நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். நேற்று அவருடைய கடப்பாரையை எடுத்துவரப் போனேன். போன கையோடு அந்த வளைவில் நடந்து பார்த்தேன். ஏறி நடந்தேன், இறங்கி நடந்தேன், தலையில் கல்லுக்கூடையோடும் நடந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அவர் போட்ட வேறு எந்தப் பாதையிலாவது காரணமில்லாத வளைவு உண்டா? நீங்களே சொல்லுங்கள்!

மழைக்காலத்தில் காட்டை மூடிவிடுவோம். அப்போதும் அவர் ஒருவர் மட்டும் நனைந்துகொண்டே பாதையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். எதைப் பார்த்தார்? நாங்கள் யாரும் கூடப் போனதில்லையே!

ஆள் அனுப்பாதீர்கள், ஐயா. முதல் மழைக்கு நான் அங்கே நின்று, அவர் பார்த்ததைப் பார்ப்பேன். அதுவரை அந்த வளைவில் சரியும் மண்ணை நான் வாருவேன், ஓரக்கல்லை நான் அடுக்குவேன். இந்தச் சபை சாட்சி.

காரணம் தெரிந்தால் மாலை போட்டிருக்கும் அவருடைய இந்தப் படத்துக்கு முன்னால் வந்து சொல்வேன். காரணமே இல்லையென்றால், மேஸ்திரி, அதையும் வந்து சொல்வேன். உரக்கச் சொல்வேன்!