பதினோரு பேர் வந்த பார்ட்டி

— அடையாளம் தெரியாம இருக்குமா சார்? மூணாவது மாடி, கடைசிக் கதவு. போன சனிக்கிழமை உங்க வீட்டுலதான பார்ட்டி நடந்துச்சு. வாங்க, உட்காருங்க. அந்த அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கங்க, உள்ள வெறும் மூடிதான்.

— பரவால்ல சிஸ்டர். சும்மா இந்தப் பக்கம் வந்தேன். வீடு வீடா பார்ட்டி போட்டு டப்பா விக்கறவங்க எங்க இருக்காங்கன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டேன். "டப்பாக்காவா, ரெண்டாவது மாடி இடது கை"ன்னு சொல்லிட்டான். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்களா?

— எங்க வீட்டுக்காரரே போன்ல அப்படித்தான் ஏத்தி வெச்சிருக்காரு. கல்யாணப் பத்திரிகையில போட்ட பேரு எனக்கே மறந்து போச்சு. பாத்தீங்கன்னா, இந்த மாசத்துக் கேட்டலாக் நேத்துதான் வந்துச்சு. பாக்கறீங்களா? டிபன் டப்பாவுல நாலு கலர் புதுசு.

— கொடுங்க. மாசா மாசம் எங்க வீட்டுக்கும் ஒண்ணு கொடுத்திருக்கீங்க போல. பீரோவுக்குப் பின்னாடி ஏழு இருந்துச்சு.

— எல்லா வீட்டுக்கும் கொடுக்கறதுதான் சார்.

— பூட்டின வீட்டுக்குமா?

— அது...

— தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா கேட்டேன். நான் இன்சூரன்ஸ்ல சர்வேயர். இடிச்ச வண்டியைப் போய்ப் பாத்து, எப்படி இடிச்சதுன்னு எழுதறது என் வேலை. வண்டிக்காரன் ஒரு கதை சொல்லுவான். கீறல் எங்க ஆரம்பிச்சிருக்குன்னு பாத்தா வேற கதை தெரியும். அதனால எதையும் முதல்ல இருந்து கேட்டுப் பழகிடுச்சு. முதல்ல இருந்து சொல்லுங்க.

— என்னத்தை சார் சொல்றது. நான் ஏறி இறங்கறவ. கதவைத் தட்டுவேன், சிரிப்பேன், புத்தகத்தைக் கையில கொடுப்பேன். பிடிச்சா வாங்குவாங்க, இல்லன்னா சாத்திடுவாங்க. உங்க கதவுல வெளிய பூட்டு தொங்குச்சு, ஊருக்குப் போயிருக்காங்கன்னு திரும்பினேன். வராந்தா பக்கத்து ஜன்னல் ஒரு விரக்கடை திறந்துச்சு. "அக்கா, அந்தப் புத்தகம் ஒண்ணு எனக்கும் கொடுங்க"ன்னு ஒரு குரல். கம்பி வழியா சுருட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

— பூட்டைப் பத்தி அவ என்ன சொன்னா?

— ஒண்ணும் சொல்லல.

— நீங்க கேக்கலையா?

— கேட்டேன். சாவி உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க. அடுத்த மாசமும் அதே பூட்டு, அதே ஜன்னல். அதுக்கு அடுத்த மாசமும். அவங்க ஒரு டம்ளர் கூட வாங்கினதில்ல சார். ஆனா ஒவ்வொரு பக்கத்தையும் படிச்சு வெச்சிருப்பாங்க. "முப்பத்தோராம் பக்கத்துல இருக்கற தண்ணி பாட்டில் நிஜமாவே ஒழுகாதாக்கா"ன்னு கேப்பாங்க. நான் பையில இருந்து எடுத்துத் தண்ணி ஊத்திக் கவுத்துக் காட்டுவேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு சின்னப் பொண்ணு மாதிரி சிரிப்பாங்க. பேச ஆள் இல்லாதவங்களுக்கு டப்பா பேச்சும் பேச்சுதான.

— ஏழு மாசம்.

— ஏழு மாசம்.

— கையைக் காட்டியிருப்பாளே.

— காட்டல சார். புத்தகம் வாங்க நீட்டினப்ப கன்னிப் போயிருந்ததை நானேதான் பாத்தேன்.

— சரி. பார்ட்டிக்கு வருவோம். யாரு கூப்பிட்டது?

— போன் வந்துச்சு. பொம்பளக் குரல். "எங்க வீட்டுல ஒரு பார்ட்டி வைக்கணும், சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு, எத்தனை பேரைக் கூட்டிட்டு வர முடியுமோ கூட்டிட்டு வா"ன்னு சொன்னாங்க. சாதாரணமா வீட்டுக்காரம்மாதான் அவங்க சிநேகிதிங்களைக் கூப்பிடுவாங்க. இங்க ஆளையும் நானே கூட்டிட்டு வரணும்னு சொன்னதும் எனக்குக் கொஞ்சம் விசித்திரமா இருந்துச்சு.

— அவகிட்ட போன் கிடையாது சிஸ்டர்.

— அப்படியா சார்.

— நான் கொடுக்கல. ஆனா அந்த வாரம் எங்க அம்மா வந்திருந்தாங்க. அம்மா இருந்ததாலதான் பூட்டு போடல. அவங்க மதியம் படுத்துத் தூங்குவாங்க. தலைமாட்டுல போன் கிடக்கும். வயசானவங்களை ஏமாத்தி எடுத்துப் பேசியிருக்கா. பாவம், எங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. பார்ட்டி நடக்கறப்ப கூட தலைவலின்னு உள்ள ரூம்லதான் படுத்திருந்தாங்க.

— நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன் சார். டீ போடட்டுமா?

— வேண்டாம். உட்காருங்க. உள்ள ஏதோ டம்ளர் சத்தம் கேக்குதே, யாரு?

— என் மாமியார். பாத்திரம் கழுவறாங்க.

— ஓ. சரி. அன்னைக்கு நான் வந்தப்ப மணி அஞ்சரை. கதவு திறந்து கிடந்துச்சு. வாசல் முழுக்கச் செருப்பு. அதுவரைக்கும் என்ன நடந்துச்சு?

— எப்பவும் நடக்கறதுதான். வட்டமா உட்கார வெச்சு, ஒரு விளையாட்டு ஆட வெச்சேன். கண்ணைக் கட்டிக்கிட்டு டப்பாவுக்குச் சரியான மூடியைக் கண்டுபிடிக்கணும். பள்ளிக்கூட டீச்சரம்மா தோத்துட்டாங்க, ஒரே சிரிப்பு. அப்பறம் தண்ணி ஊத்தின டப்பாவை நர்ஸம்மா தலைக்கு மேல கவுத்துக் காட்டினேன். உங்க வீட்டம்மா எல்லாருக்கும் டீ கொடுத்தாங்க. நாலு மணியில இருந்து கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

— நான் எப்ப வருவேன்னு.

— ஆமா. "வழக்கமா அஞ்சரைக்கு வந்துடுவாருக்கா, ஓடிப் போனதா பேரு வரக் கூடாது, அவர்கிட்ட நேர்ல சொல்லிட்டுத்தான் போவேன், அவர் வந்த பிறகும் யாரும் கிளம்பக் கூடாது"ன்னு என் காதுல சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, இது டப்பாவுக்கான பார்ட்டி இல்லன்னு.

— அதை மத்தவங்களுக்கு யாரு சொன்னது?

— யாரும் யாருக்கும் சொல்லல சார். அவங்க டீ நீட்டினப்ப முழங்கையில இருந்து துணி விலகிடுச்சு. பதினோரு பேரும் பாத்தாங்க. பாத்துட்டு அமைதியா டீயை வாங்கிக்கிட்டாங்க. அதுக்கப்பறம் ஒருத்தரும் மணி பாக்கல.

— நான் உள்ள வந்தப்ப எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க.

— நீங்களும் சிரிச்சீங்க சார். "எல்லாரும் டீ சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டீங்க. ரொம்ப மரியாதையா.

— பதினோரு பொம்பளைங்க முன்னாடி நான் வேற என்ன பண்ண முடியும்? என் சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு, என் வீட்டு டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு. அவ எழுந்து "நான் கிளம்பறேன்"னு சொல்றா. எங்கன்னு கேக்க வாய் வரல. நீங்க பாட்டுக்கு டப்பாவுக்கு வாழ்நாள் உத்தரவாதம், உடைஞ்சா மாத்தித் தருவோம்னு பேசிக்கிட்டே இருக்கீங்க. அவ துணிமணியெல்லாம் உங்க சக்கரப் பையில இருந்திருக்கு. உங்க பையை அவ இழுத்துக்கிட்டுப் போறா, நீங்க பேச்சை நிறுத்தல.

— நிறுத்தினா என் குரல் உடைஞ்சிருக்கும் சார். அதான் பேசினேன். பன்னிரண்டு வருஷமா அதே பேச்சைப் பேசறேன். அன்னைக்கு மாதிரி ஒரு நாளும் பேசினதில்ல.

— எல்லாரும் லிஃப்ட் வரைக்கும் அவ பின்னாடியே போனாங்க. மாலை போட்டு வழியனுப்பற மாதிரி. நான் என் வீட்டு நடுவுல தனியா நின்னேன். கீழ அவ ஏறின அந்தக் கார் யாருது?

— தெரியாது.

— சிஸ்டர்.

— சத்தியமா தெரியாது சார். தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் நான் கீழ இறங்கல. தெரிஞ்சா என்னைக்காவது யாராவது வந்து உட்கார்ந்து கேப்பாங்க, நான் சொல்லிடுவேன். எனக்குப் பயம் ஜாஸ்தி.

— நீங்க விட்டுட்டுப் போன ஆர்டர் ஃபார்ம் என்கிட்ட இருக்கு. பதினோரு பேர் பேரும் வீட்டு நம்பரும். அழகான கையெழுத்து. மூணு வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன். நர்ஸம்மா கதவே திறக்கல. டீச்சரம்மா வீட்டுல அவங்க பொண்ணு மட்டும் இருந்துச்சு. எந்த ஸ்கூல், எத்தனை மணிக்கு வரும்னெல்லாம் நல்லா பேசுச்சு.

— அந்தப் பொண்ணு எட்டாவது படிக்குது சார். அதை விட்டுடுங்க.

— நான் என்ன பண்ணிட்டேன்? பேசிட்டு வந்தேன். இன்னும் எட்டு வீடு இருக்கு. எனக்கு ஒரு வாரம் லீவு. ஒவ்வொரு வீடா ஏறி இறங்குவேன், உங்களை மாதிரியே. கதவைத் தட்டுவேன், சிரிப்பேன்.

— எதுக்கு சார் எழுந்துட்டீங்க?

— உங்க மாமியாரைப் பாத்து ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போறேன்.

— அவங்களுக்கு உடம்பு சரியில்ல.

— உடம்பு சரியில்லாமதான் பாத்திரம் கழுவறாங்களா? வாட்ச்மேன் நல்ல பையன் சிஸ்டர். காலையிலயே சொல்லிட்டான், உங்க வீட்டுக்காரரும் அவங்க அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, மதியத்துக்கு மேலதான் வருவாங்கன்னு. அதனாலதான் நான் இப்ப வந்தேன்.

— தாழ்ப்பாள் எதுக்கு சார் போடறீங்க?

— காத்து அடிக்குது.

— காத்தே இல்ல. திறங்க. நான் சத்தம் போடுவேன்.

— போடுங்க. ஒரு புருஷன் தன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான்னு நானும் சொல்றேன். யாரு பக்கம் நிப்பாங்கன்னு பாப்போம். மூணு நாளா அவளை இங்கேயே வெச்சுக்கிட்டு, கார் தெரியாது, ஊர் தெரியாதுன்னு என்ன அழகா கதை சொல்றீங்க. கீறல் இங்கதான் ஆரம்பிச்சிருக்குன்னு நான் படியேறறப்பவே நினைச்சேன்.

— உங்க வீட்டம்மா இங்க இல்ல சார். என் பிள்ளைங்க மேல ஆணையா இல்ல.

— அப்ப சமையலறைக் கதவுக்குக் குறுக்க ஏன் நிக்கறீங்க? கையை எடுங்க.

— எடுக்க மாட்டேன்.

— எனக்குக் கோவம் வராத வரைக்கும்தான் நான் மரியாதையா பேசுவேன். அவளைக் கேட்டுப் பாருங்க, சொல்லுவா. இங்க பாரு, உள்ள இருக்கறவளுக்குத்தான் சொல்றேன். நீயா வெளிய வந்துட்டா நல்லது. இவங்க பாவம், பிள்ளை குட்டிக்காரங்க. உன்னால இவங்க அடி வாங்க வேண்டாம்.

— விடுங்க சார், வலிக்குது. கையை விடுங்க.

— அவ கையை விடுடா.

— அம்மா? நீ எப்படி இங்க? அக்கா வீட்டுக்குன்னு நான்தான உன்னை ஞாயித்துக்கிழமை பஸ் ஏத்தி விட்டேன். போய்ச் சேந்துட்டேன்னு மெசேஜ் அனுப்பினியே.

— பஸ்ல மூச்சு வாங்குச்சு, உன் வீட்டுக்குத் திரும்பவும் மனசு வரல, அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிட்டேன். இந்தப் பொண்ணுதான் வந்து கூட்டிட்டு வந்துச்சு. உங்க அக்கா வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் இருந்துக்கங்கன்னு இடம் கொடுத்துச்சு. மூணு நாளா இவ போட்ட சோத்தைத் திங்கறேன். இவ மணிக்கட்டைப் பாரு, உன் விரல் அஞ்சும் பதிஞ்சிருக்கு.

— அம்மா, நீ வெளிய வா. உனக்கு இதெல்லாம் புரியாது. உன் போனைத் திருடி இவங்களுக்குப் பேசியிருக்கா அவ. உன்னை வெச்சே என்னை ஏமாத்தியிருக்கா. நீ தள்ளு, அவ உள்ளதான் இருக்கா.

— போய்ப் பாரு. கழுவி வெச்ச ரெண்டு டம்ளர் இருக்கு. ஒண்ணு இவ குடிச்சது, ஒண்ணு நான் குடிச்சது.

— அப்ப அவ எங்கம்மா?

— எனக்கும் தெரியாது. நானும் கேட்டுக்கல. போனை யாரும் திருடல. பேசினது நான்தான். சனிக்கிழமைன்னு நாள் பாத்ததும் நான், சக்கரப் பையில அவ புடவையை மடிச்சு வெச்சதும் நான். எனக்குத் தலைவலியும் இல்ல ஒண்ணும் இல்ல.

— பெரியம்மா, போதும், உட்காருங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது.

— இரும்மா, சொல்லிடறேன். இவன் எட்டு வீடு ஏறி இறங்க வேண்டியதில்ல பாரு.

— ஏம்மா? நான் உன் பிள்ளை. உன்னை நான் எதுல குறை வெச்சேன்? பெத்த பிள்ளைக்கு யாராவது இதைச் செய்வாங்களா?

— உனக்கு அப்ப அஞ்சு வயசு. உங்க அப்பா என்னை அடிச்சு ஓய்ஞ்சு வெளிய போனதும், நீ கட்டிலுக்கு அடியில இருந்து ஊர்ந்து வந்து என் காதுல சொல்லுவ, "நாம இங்கிருந்து போயிடலாம்மா"ன்னு. எனக்குத் தைரியம் வரல சாமி. அன்னைக்கு நீ என்கிட்ட கேட்டதைத்தான் நான் இப்ப அவளுக்குச் செஞ்சேன்.